கீழ்த்தட்டில் மூன்றாவது கோப்பு

12 மார்ச் 2006, ஞாயிறு

இந்தியா கேட்டில் எடுத்த அஸ்தமனத்தையும் திருப்பிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: "இதுபோல் ஏற்கெனவே நிறைய உள்ளன." வேறு சூரியனுக்கு நான் எங்கே போவேன்?

இந்த இலவசப் படத் தளத்தை எனக்குக் காட்டியவள் ஸ்ம்ருதி. காலேஜ் ப்ராஜெக்டுக்கெல்லாம் அங்கிருந்துதான் படம் எடுக்கிறாள். யாரும் போடலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. "எடுத்துண்டே இருக்கியே, ஒண்ணாவது போட்டியோ?" என்று கேட்டேன். "நீ போடும்மா. மாமா குடுத்த காமிரா சும்மாதானே கெடக்கு" என்றாள் பெண். அன்று பிடித்த பைத்தியம். இதுவரை அனுப்பியது பதினொன்று, ஏற்றது பூஜ்யம்.

தமிழில் டைரி எழுதுவதில் ஒரு சௌகரியம், டில்லியிலேயே வளர்ந்த அவளால் இதைப் படிக்க முடியாது.

26 மார்ச்

ஏற்றுக்கொண்டார்கள்! சமையலறை ஜன்னலில் வைத்த எவர்சில்வர் டம்ளர், பாதித் தண்ணீர். என் வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "டம்ளரையா? எந்த டம்ளர்?" என்றார். வெங்கடேஸ்வரனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

9 ஏப்ரல்

போலந்திலிருந்து ஒருத்தி நன்றி எழுதியிருக்கிறாள். தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஏதோ நோட்டீசாம், அதில் என் டம்ளர். கிட்வாய் நகர் டம்ளர் வெளிநாடு போய்விட்டது. எனக்கு இன்னும் பாஸ்போர்ட்டே இல்லை.

21 ஏப்ரல்

இன்று ஒரு திருட்டு வேலை செய்தேன். லஞ்ச் நேரம், பதிவறையில் யாரும் இல்லை. மேற்கு ஜன்னல் வெயில் கோப்புக் கட்டுகள்மேல் சாய்ந்திருந்தது. தூசுகூடத் தங்கமாகத் தெரிந்தது. கைப்பையில் காமிரா. மூன்றே கிளிக். அலுவலகத்துக்குள் படம் எடுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. எனக்குத் தெரியாதா? டைப் செய்ததே நான்தான்.

2 ஜூன்

தளத்தில் போட்ட கோப்புப் படத்தை இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் எடுத்திருக்கிறார்கள். டம்ளரை எப்போதோ மிஞ்சிவிட்டது. பிரேசிலில் ஒரு வக்கீல்கூட! உலகம் முழுக்க நம்மைப் போலத்தான் போலிருக்கிறது.

7 ஆகஸ்ட், திங்கள்

தளத்தில் ஒரு கடிதம், ஆங்கில எழுத்தில் தமிழ். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அக்கா, ஜலஜான்னு பேரப் பாத்து தமிழ்னு நினைக்கிறேன். நான் கோமளா, கரோல் பாக்ல டி.டி.பி. கடையில வேலை. ஒரு கஸ்டமர் நோட்டீசுக்கு உங்க படத்த எடுத்தேன். கவர் மேல இருக்கற எழுத்தெல்லாம் அழிக்கச் சொன்னாங்க. அழிக்கறதுக்காகப் பெருசு பண்ணேன். கீழ்த்தட்டுல மூணாவது ஃபைல்ல எங்கப்பா பேர் இருக்கு. தர்மன். இது எந்த ரூம் அக்கா?"

தர்மன் எங்கள் அலுவலகத்தில் தஃப்தரி. கோப்புகளைக் கட்டி அடுக்குவதுதான் அவர் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார். அவர் இடத்துக்கு வாரிசு வேலை கேட்டு மகள் மனு போட்டாள். போன வருஷம் அவளுக்குப் பதில் போயிற்று: கோப்பு கண்டுபிடிக்க இயலவில்லை, அசல் சான்றிதழ்களோடு மறுபடி விண்ணப்பிக்கவும். அசலெல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. கையெழுத்து எங்கள் செக்ஷன் ஆபீசர் சபர்வால் ஸார். டைப் செய்தது — அதுவும் நான்.

உடனே என்ன செய்தேன் தெரியுமோ? படத்தை நீக்கினேன். அடுத்தவர் பேர் தெரியும் படம் தப்பு இல்லையா, அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். பயம், வெறும் பயம்.

8 ஆகஸ்ட்

பதிவறையில் அந்த ரேக்கே இல்லை. ஜூனில் வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் பேஸ்மென்ட்டில் கொட்டிவிட்டார்களாம். சாவி சபர்வால் ஸாரிடம். எதற்கு என்று கேட்பார். என்ன சொல்ல? கடிதத்துக்கும் பதில் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு.

10 ஆகஸ்ட், வியாழன்

அவளே வந்துவிட்டாள்.

ஒல்லியாக, நீல சுடிதாரில், கையில் ஒரு சுருள். சபர்வால் ஸார் மேஜையில் விரித்தாள். என் படம், பெரிய பிரிண்ட். நான் நீக்கினால் என்ன, அவள்தான் ஏற்கெனவே எடுத்துவிட்டாளே. தர்மனின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"யே கஹாங் ஸே ஆயா?" என்றார் ஸார்.

"நெட்டிலிருந்து" என்று இந்தியில் சொன்னாள்.

"எடுத்தது யார்?"

அவள் திரும்பினாள். என் மேஜையில் பெயர்ப்பலகை, இந்தியிலும் இங்கிலீஷிலும். அதைப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "தெரியாது ஸார். அதில் பேரெல்லாம் போடமாட்டார்கள்" என்றாள்.

என்னைக் காப்பாத்தறா. நான் பதில்கூடப் போடாத பொண்ணு. எனக்கு எங்கேயாவது ஓடிப்போயிடலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் எடுத்தேன் ஸார். இங்கேதான். ஏப்ரலில்."

ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். "அச்சா," என்றார் கடைசியில், "அப்படியானால் கோப்பு இருக்கிறது."

11 ஆகஸ்ட்

பேஸ்மென்ட்டில் நான், கோமளா, பியூன் அந்தோணி. பிரிண்டைச் சுவரில் ஒட்டி, கட்டுக்குக் கட்டு ஒப்பிட்டோம். காதொடிந்த பச்சை அட்டை, எலி கடித்த மூலை, நாடாவுக்குப் பதில் சணல் சுற்றிய ஒன்று. நான் எடுத்த படம் எங்களுக்கே வழி காட்டியது. ரெண்டு மணி நேரத்தில் அந்தோணி, "அம்மா, இதப் பாருங்க!" என்று கத்தினான்.

உள்ளே எல்லாம் பத்திரம். மார்க்‌ஷீட், மனு, கடைசிப் பக்கத்தில் தர்மனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தோளிலும் கன்னத்திலும் அலுவலக சீல் அடித்து. அதைப் பார்த்ததும் கோமளா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்ல அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லக்கா. குடிசை எரிஞ்சப்ப எல்லாம் போச்சு. இத நான் எடுத்துக்கட்டுமா?"

கோப்பிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூடப் பிரிக்கக்கூடாது. ஸாரிடம் போய் நின்றோம். யோசித்தார். "போட்டோவை எடுக்கக்கூடாது. போட்டோவைப் போட்டோ எடுக்கலாம். மேடமிடம் காமிரா இருப்பதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே" என்றார். அவரே கோப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார். "ஜல்தி, கை வலிக்கிறது."

சாயங்காலம் எனக்கு மெமோ. விதியை மீறிப் படம் எடுத்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தரவும். அதையும் நானே டைப் செய்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

30 ஆகஸ்ட்

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இவர் மெமோவைப் படித்துவிட்டு, "டம்ளரோட நிறுத்தியிருக்கலாம்" என்றார். அப்புறம் தாமே எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

17 செப்டம்பர்

கோப்புப் படம் மறுபடி தளத்தில். பெயர்களையெல்லாம் கோமளா அழித்துக்கொடுத்தாள். அழித்த இடமே தெரியவில்லை.

24 நவம்பர்

ஆர்டர் வந்துவிட்டது! கோமளா, எல்.டி.சி. குமாஸ்தா, டிசம்பர் நாலாம் தேதி சேர வேண்டும். டைப் செய்தது யாரென்று எழுதவும் வேண்டுமா?

17 டிசம்பர், ஞாயிறு

கோமளாவும் அம்மா செங்கம்மாளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கடை வேலையை விட்டதிலிருந்து அவளுக்குக் கம்ப்யூட்டர் இல்லை, இங்கே உட்கார்ந்து அப்பா படத்தை முடிக்க வேண்டும் என்றாள். போட்டோமேல் இருந்த அலுவலக முத்திரையை அழிக்கவே மூன்று ஞாயிறு ஆகிவிட்டதாம். ஸ்ம்ருதி பக்கத்தில் உட்கார்ந்து, கால் தமிழிலும் முக்கால் இந்தியிலும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீல் போயிற்று. கன்னத்துக் கறை போயிற்று. கோமளா கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினாள். தர்மன் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி திரையில் நின்றார்.

செங்கம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"யாருடி இவரு? உங்கப்பன் எப்ப இவ்ளோ செவப்பா இருந்தான்?"

"நல்லாத்தானம்மா இருக்கு?"

"கருப்பாக்கு."

கோமளா மௌஸை நகர்த்தினாள்.

"இன்னும்."

நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம்… ஆங், நிறுத்து."

செங்கம்மாள் புடவைத் தலைப்பால் திரையில் இருந்த தூசியைத் துடைத்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு வைத்திருந்த காபி ஆறிப்போயிற்று. நாங்கள் யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.