என் கையெழுத்துதான்

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் விலாசம் தெரியாததால் உன் நண்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. "உங்க கிரெடிட் ஸ்கோர் படு மோசமா இருக்கு மேடம். கார் லோன்ல ஒரு தவணைகூட ஒழுங்கா கட்டலையே?" என்றார் மேலாளர். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். கார் வைத்திருந்தவன் நீ.

அந்தக் கார் கடனுக்கான பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். "இது உங்க கையெழுத்து இல்லைன்னா போலீஸ்ல புகார் குடுத்துடுங்க. விசாரிச்சு அந்தக் கடனை உங்க பேர்லேர்ந்து எடுத்துட்டா ஸ்கோர் சரியாயிடும்."

என் பெயரின் கடைசி எழுத்தை நீ எப்போதும் இழுப்பதுபோல் இழுத்துவிட்டிருந்தாய்.

"என்னோடதுதான் சார்" என்றேன்.

காசு கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் வந்தான். நம்பவில்லை. பகலில் கிளினிக், சாயங்காலம் துணிக்கடை என்று இரண்டு வேலை பார்த்து, பாக்கியை நானே அடைத்தேன். அதற்குள் பார்த்து வைத்திருந்த வீடு கைமாறிவிட்டது. அந்த வீட்டில் என்னோடு குடித்தனம் நடத்த இருந்தவரும், காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

போன வாரம் மேலாளரே கூப்பிட்டார். "யார் உதவியும் இல்லாம நீங்களே சரி பண்ணிட்டீங்களே! இப்ப எவ்வளவு லோன் வேணும்?"

எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "அவன் ஏன் போனே எடுக்க மாட்டேங்கறான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பயப்படாமல் வா. உன்னை யாரும் தேடவில்லை. அம்மா மட்டும்தான் தேடுகிறாள்.

உன் அக்கா