மல்லாட்டை உரிக்கும் வகுப்பு

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் இன்று சாயங்காலம் ஒரு தள்ளுவண்டியில் வேர்க்கடலை வெந்துகொண்டிருந்தது. உப்பும் மண்ணும் கலந்த அந்த ஆவி மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். கடலூர் பஸ் நிற்கும் பக்கம் கண் தானாகப் போனது. செம்மண்டலத்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நீ அங்கேதான் ஓடுவாய். "வேர்க்கடலையாம். மல்லாட்டைன்னு சொல்லேன்டி, வாய் கோணிக்குமா?" என்று ஓடுகிற ஓட்டத்திலும் என்னைத் திருத்துவாய். இன்று பள்ளிக்கூடத்தில் ஒரு முடிவு எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றாகப் பயிற்சி முடித்து, ஒரே சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும் ஒரே அறையில் என்னிடம். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு உன்னிடம். என் அறையில் பென்சில் கிடையாது. கதை, பாட்டு, மணல், களிமண், அப்புறம் மல்லாட்டை. மூன்று வயது விரல்கள் ஓட்டை அழுத்தி உடைத்துப் பருப்பை எடுக்கப் பழகிவிட்டால், பென்சில் பிடிக்கும் தெம்பு பின்னால் தானே வரும் என்பது என் எண்ணம். பாதிப் பருப்பு வாய்க்குள் போய்விடும். நானும் கண்டுகொள்ள மாட்டேன்.

கிள்ளையிலிருந்து வந்த ஒரு அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. மகனின் பையை என் மேசையில் கவிழ்த்தார். நோட்டுக்குப் பதில் ஓடுகள் விழுந்தன.

"ஃபீஸ் கட்டி மல்லாட்டை உரிக்கவா டீச்சர் அனுப்புறேன்? அவுங்க பெரியப்பா பையன் ஏ டு இஸட் எழுதுறான்."

நான் குனிந்து ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். நீ சாக்பீஸ் கையோடு வந்தாய். அவரை உட்காரவைத்து, ஒரு தாளை நீட்டி, மகன் பெயரை இடது கையால் பக்கம் முழுக்க எழுதச் சொன்னாய். இரண்டாவது வரியிலேயே அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

"என்னா சார், நோவுதா? உங்க புள்ளைக்கு இப்ப ரெண்டு கையும் பீச்சாங்கைதான். கொஞ்சம் வளர உடுங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் ஆள் மடங்கவில்லை. "ஒண்ணாங்கிளாஸ் போயி முழிச்சான்னா?" என்றார்.

"ஒண்ணாங்கிளாஸ் டீச்சரே நான்தான். எழுதத் தெரியாமலே அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

நீ கொடுத்த அந்த வாக்கை நம்பித்தான் என் வகுப்பு இத்தனை வருஷம் நடந்தது. வேறு பள்ளிகளில் என்னைப் போன்றவர்கள் அடுத்த வகுப்பு டீச்சருக்குப் பயந்தே குழந்தைகளின் கையைப் பிடித்து எழுதவைக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இருந்ததே இல்லை.

அதற்காக நீ ஒன்றும் சாது இல்லை. ஒரு வருஷம், கேட்ட கேள்விக்கு வாய் திறக்காத ஒரு பையனை உன் வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். மத்தியானமே வந்து பிடித்துக்கொண்டாய். "எழுத வராம அனுப்பு. பேச வராம அனுப்பாத" என்றாய். கோபத்தில் அன்று உன்னோடு சாப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றைத் தன் வாயால் சொல்லாமல் என் வகுப்பு முடிந்ததில்லை. உன் வகுப்பிலோ ஜூனில் மணலில் கோடு கிழித்த கைகள் தீபாவளிக்குள் கழிப்பறைச் சுவர் வரை பெயர் எழுதிவைக்கும். திட்டுவதுபோல் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டுவாய். முகம் முழுக்கப் பெருமையாக இருக்கும்.

போன வைகாசியில் உன்னைக் கடலூர்க் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஜூனில் உன் வகுப்புக்குத் திட்டக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நல்லவள்தான். ஆனால் அவளுக்குப் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற பதற்றம். "பென்சிலே புடிக்கத் தெரியல மேடம், நான் எப்ப போர்ஷன் முடிக்கறது?" என்று மாதக்கணக்கில் கேட்டாள். அது தாளாளர் காதுக்குப் போனது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால், என் மேசையில் நாலு கோட்டு நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. இனி எல்.கே.ஜி.யிலிருந்தே எழுத்து, தினமும் வீட்டுப்பாடம்.

எங்கள் எல்.கே.ஜி.யில் ஒரு வாயாடிப் பெண் இருக்கிறாள். வீட்டு ஆட்டுக்குட்டியில் தொடங்கி அப்பாவின் குறட்டை வரைக்கும் எல்லாம் சொல்வாள். நோட்டு வந்ததும் அவளும் எழுதினாள். கோடு தாண்டியது, அழித்தாள். மறுபடி எழுதி மறுபடி அழித்ததில் தாள் கிழிந்துபோனது. நான் பக்கத்தில் போனதும் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். அன்று அவள் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கவே பேசவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்று நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன்.

"சார், இதெல்லாம் எடுத்துக்குங்க. ஜூன்லேருந்து ஒண்ணாங்கிளாஸ எனக்குக் குடுங்க. அந்தப் பொண்ணு என் கிளாஸ பாத்துக்கட்டும்."

"சின்னக் கிளாஸ உட்டு நவுர மாட்டேன்னு சொன்னவங்க நீங்க."

"இப்ப நவுர்றேன். எழுதத் தெரியாத புள்ளைங்களால கஷ்டம் ஒண்ணாங்கிளாஸுக்குத்தான? அந்தக் கஷ்டத்த நான் படறேன்."

"தீபாவளிக்குள்ள எழுதலன்னா?"

"எழுதுவாங்க. எழுதலன்னா நான் வீட்டுக்குப் போறேன். அப்ப நோட்டக் குடுங்க."

அவர் நோட்டுக்கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். புதுப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு ஏக சந்தோஷம். போர்ஷன் தொல்லை விட்டதாம். குழந்தைகள் கேட்கிற கேள்விகள் அவளுக்கு இன்னும் தெரியாது, பாவம்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு நான் எடுத்ததே இல்லை. கணக்கு என்றால் எனக்கு இன்றைக்கும் உதறல்தான். நீ இருந்தால் இதைச் சொல்லியே ஒரு மாதம் கேலி செய்திருப்பாய். ஆனால் என் பிள்ளைகளை வாங்கிக்கொள்ள சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லையே என்று இத்தனை மாதம் உன்னை நினைத்து அழுதாயிற்று, அது போதும். இனி அந்த ஆள் நான். ஜூனில் அவர்கள் எழுதத் தெரியாமல்தான் வருவார்கள். வரட்டும்.