அசையாத கோடு

ஆவணி, செவ்வாய்க்கிழமை

வீட்டிலேயே தைராய்டு பார்த்துவிடலாம் என்று அண்ணியிடம் நான் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாது. அவர் மாதாமாதம் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்.

ஆய்வகத்தில் நான் செய்த தைராய்டு சென்சாரை இன்று ஆலங்குடிக்கு எடுத்து வந்தேன். அண்ணியின் விரலில் குத்தி ஒரு சொட்டு விட்டேன். லேப்டாப்பில் அளவு காட்டும் கோடு அசையவில்லை. உப்புக் கரைசலில் ஹார்மோனைக் கலந்து வைத்தால் சொன்னபடி ஏறுகிற சனியன், ரத்தம் என்றால் படுத்துவிடுகிறது. ரத்தத்தின் புரதமெல்லாம் மின்முனையில் பாசியாய்ப் படிகிறது. நான்கு வருடமாக இதே கதை. என் பிஎச்.டி. கைடும் கையை விரித்துவிட்டார்.

“என் ரத்தந்தான் சரியில்லையா தம்பி?”

“இல்ல அண்ணி, மிஷின்தான் சரியில்ல.”

அவர் நம்பவில்லை. போன வருடம் கரு கலைந்ததிலிருந்தே எதற்கும் தன் உடம்பைத்தான் குறை சொல்கிறார்.

எட்டிப் பார்த்த அம்மா, “மிஷினே அசையல. அப்பறம் புள்ள எங்கிட்டு...” என்று இழுத்தாள். நான் கத்தினேன். கத்தி என்ன பயன்?

அண்ணி இன்னொரு விரலை முந்தானையில் துடைத்து நீட்டினார். “இதுல பாருங்க தம்பி. இது நல்லாருக்கும்.”

கோடு ஏறாது என்று தெரியும். தெரிந்தே குத்தினேன்.