பாணில் முளைத்த பிழைக்குறி

நேற்றுக் கடைவாய்ப் பல்லில் குத்து. அம்மா ஒரு கராம்பைக் கொண்டுவந்து "கடி" என்றா. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த மணத்தோடு நீ வந்துவிடுவாய். வந்தும்விட்டாய், அழையா விருந்தாளி. உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்து கேள்.

ஓர்ஸ் ஹில்லில் உங்கள் வீட்டுக் குசினிதான் எங்கள் ஆய்வுகூடம். பாடசாலைக் கண்காட்சிக்கு, மண்ணில் போட்டால் உக்கிப்போகிற தாள் செய்வோம் என்றாய். பொலித்தீனுக்குப் பதிலாக அதில் பேக்கரிப் பாணைச் சுற்றலாம், கராம்பு சேர்த்தால் பூஞ்சணமும் கிட்ட வராது. மரவள்ளி மாவையும் கிளிசரினையும் கராம்பு அவித்த தண்ணீரில் காய்ச்சினோம். கஞ்சி மாதிரி வந்தது. "டேய், உப்புப் போட்டுக் குடிச்சிட்டுப் படுப்பமா?" என்றேன். நீ சிரிக்கவில்லை. உனக்குச் சிரிப்பு ஒரு நாள் பிந்தித்தான் வரும்.

ஊற்றிக் காயவைக்கக் கண்ணாடி வேண்டும். உன் மேசைக்கு மேல் இருந்த யன்னலில் ஒன்றைக் கழற்றினாய். செல் விழுந்து வெடித்தால் சிதறாமல் இருக்க, ஊரில் எல்லா வீட்டையும் போல, அதன் இரண்டு பக்கமும் கடதாசிக் கீலங்கள் பெருக்கல் குறியாக ஒட்டியிருந்தன. "கண்ணாடியைக் கொண்டுபோங்கோ, கடதாசியில கை வைக்கப்படாது" என்றா உன் அம்மா. வைக்கவில்லை. அதனால் காய்ந்த தாளை உரிக்க, கீலம் இருந்த இடமெல்லாம் கிழிந்தது. அதிலேயே பாணைச் சுற்றினோம். நாலாம் நாள் பார்த்தால் பாண் நல்லாய்த்தான் இருந்தது, கிழிசல் வழியே மட்டும் மூலைக்கு மூலை பச்சைப் பூஞ்சணம்.

"பூஞ்சணமே உனக்குப் பிழை போட்டிட்டுதடா!"

வகுப்பு முழுக்கக் கொண்டுதிரிந்து காட்டினேன். கரும்பலகையிலும் கீறினேன்.

அடுத்த கிழமை நீ ஒருவருக்கும் சொல்லாமல் கடதாசியைச் சுரண்டினாய். ஒரு கிழிசல் இல்லாத தாளை என் கையில் தந்தாய். கண்ணாடி வெறுமையாக யன்னலில் பூட்டியிருந்தது.

"கடதாசி ஒட்டேல்லையோ?"

"பிறகு ஒட்டுவம். இன்னும் ஒருக்கா ஊத்தோணும்."

பிறகாம்! மடையா, கோதுமை மாப் பசை கிண்ட எவ்வளவு நேரம்? மற்ற எல்லாவற்றையும் அளந்து அளந்து செய்த உனக்கு இது மட்டும் பிறகா?

இரண்டு நாளில் துறைமுகப் பக்கம் பெரிய வெடி. உங்கள் வீட்டில் ஒரு சுவர் விழவில்லை. மற்ற யன்னல்களில் கண்ணாடி நொறுங்கியும் கடதாசியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. உன் மேசைக்கு மேலிருந்தது மட்டும் உன்மேல் வந்தது. கண்காட்சிக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தாயாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ நிற்கவில்லை.

செத்தவீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்தா. "ஆர் தம்பி அந்தக் கடதாசியைச் சுரண்டினது?"

"தெரியாது, அன்ரி."

பகிடி விட ஒருநாளும் பஞ்சிப்படாத வாய் அவ்வளவுதான் சொன்னது. இப்போது உங்கள் ஒழுங்கையால் போவதில்லை, சுற்றித்தான் போகிறேன். அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறேன்.

நேற்றுக் கடைசியில் கராம்பைக் கடித்தேன். பல் விறைத்தது, நாக்கும் விறைத்தது. உன் தாள் என் அட்லஸுக்குள் இருக்கிறது, கிழியாமல், இன்னும் மணத்தோடு. மண்ணில் போட்டால் ஒரு மழைக்கு உக்கிவிடும் என்றாய். இரண்டு தரம் கிடங்கு கிண்டிப் பார்த்தேன். போட ஏலாதடா. உன் அம்மாவிடம்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தால், எப்படி இது கிழியாமல் வந்தது என்று கேட்பா.