ஊறுகாய் ஜாடியில் இருந்த ரத்தம்

அண்ணே,

இன்று யாரோ என் மேசையில் மாங்காய் ஊறுகாய் ஜாடி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விருத்தாசலத்துப் பீங்கான், கழுத்தில் பழுப்புப் பட்டை. மூடியைத் திறந்தேன். பசிக்கவில்லை, நம் பிணவறைதான் ஞாபகம் வந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர், நீங்கள் பிணவறை உதவியாளர். மாதிரிகளைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, படிவத்தை நீட்டுவீர்கள். நான் பார்க்காமலே கையெழுத்துப் போடுவேன். நம்பிக்கை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். சோம்பல்தான் அது.

கம்மாபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் திடீரென இறந்துபோனார். சொந்தக்காரர்களுக்குச் சந்தேகம். ரத்தமும் ஈரலும் சோதனைக்குப் போயின. ரத்தத்தில் ஈயம் இருப்பதாக முதலில் அறிக்கை வந்தது. சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டாள் என்று அவர் மனைவி அஞ்சலையைக் கைது செய்தார்கள். பால் குடிக்கும் பிள்ளையோடு ஜெயிலுக்குப் போனாள்.

மறுநாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றீர்கள்.

"டாக்டரம்மா, அன்னிக்கு ஈரல வெச்சதோட கண்ணாடி பாட்டிலு தீந்து போச்சுங்க. எங்க வூட்டுல இருந்த புது ஊறுகா ஜாடியிலதான் ரத்தத்த ஊத்தி ஃபிரிட்ஜுல வெச்சேன். ஒரு வாரம் கழிச்சு பாட்டிலு வந்ததும் மாத்தி அனுப்பிட்டேன். அதுல எதுனா இறங்கியிருக்குமோன்னு மனசு அடிச்சிக்குது."

பீங்கான் சூளையில் பழுதென்று கழித்துப் போட்ட ஜாடி. நம் ஊரில் எந்த வீட்டில் அது இல்லை? பூச்சு சரியாக வேகாவிட்டால் அதிலுள்ள ஈயம் கசியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரெண்டு பேரு வேலையும் போயிடும்."

நீங்கள் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணு உள்ள இருக்குதும்மா" என்றீர்கள். ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள். கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உங்கள் பின்னால் ஓடி வந்தேன்.

ஜாடியைச் சோதித்தார்கள், ஈயம் கசிந்தது. கண்ணாடிப் பாட்டிலில் போயிருந்த ஈரலின் அறிக்கையும் வந்தது, அதில் ஈயமே இல்லை. மாரடைப்பு என்று முடிவானது. அஞ்சலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். நிரந்தரமாகவிருந்த உங்கள் தற்காலிக வேலை போய்விட்டது.

போன மாதம் நீங்கள் இறந்த சேதி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அஞ்சலையும், இப்போது வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளையும் வந்து மாலை போட்டார்களாம். நான் வரவில்லை.

இப்போதெல்லாம் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. "இது மொதல்ல எதுல இருந்துச்சு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். புதிதாக வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

ஜாடியைப் பற்றிப் பிறகு நடந்த விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னீர்கள், அண்ணே. சொல்ல வேண்டாம் என்று நான் தடுத்ததை மட்டும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதை இன்று நானே எழுதிவிட்டேன்.