கூலி சொல்லாத டைல் பாஸ்

கட்டுகஸ்தோட்டை

அன்பு மகள் நிரோஷினிக்கு,

அப்பா எழுதுவது. கதிர்காமத்தான் காவலில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை துஷாந்தும் பேத்தியும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று ஜாடை காட்டுவாள், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

இரண்டு மாதமாக எனக்கு டைல் வேலை சரியாக வரவில்லை. யாரோ என் பேரைக் கெடுக்கிறார்கள் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டு சுகிர்தா தன் சமையல் குசினித் தரையை அளக்க என்னைக் கூப்பிட்டுவிட்டு, மறுநாளே ஒரு மலிவு ஆளைப் பிடித்துவிட்டாள். பழைய டைலை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டுகிறவன் அவன். ஏன் என்று கேட்டேன். அவரு போன்லயே கூலி முடிவா சொல்லிட்டாருண்ணே, நீங்க வேல முடியட்டும் பாத்துக்கலாம்னீங்க, கடைசில எவ்வளவு கேப்பீங்களோன்னு பயந்துட்டேன் என்றாள். முப்பது வருஷமாக மரியாதைக்கு நான் சொல்கிற வார்த்தை அது, முகத்தைப் பார்த்துக் கூலி பேச எனக்கு வாய் வராது. அவளுடைய கஞ்சத்தனத்துக்கு இது ஒரு சாக்கு என்று எண்ணி வந்துவிட்டேன்.

போன கிழமை அக்குறணைக்குப் போனபோது ஹார்ட்வெயார் கடை ஷப்ராஸ், என்ன பாஸ், மகள்ட குண்டசாலை ஊட்டு பாத்ரூம வேற ஆளுக்குக் குடுத்தீங்களா என்று கேட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு நேரே நீ வாடகைக்கு விட்டிருக்கும் குண்டசாலை வீட்டுக்கு பஸ் ஏறினேன். வாடகைக்கு இருப்பவர்களிடம் சும்மா வந்ததாகப் பொய் சொல்லி உள்ளே போய், ஐந்து ரூபாய் நாணயக் குற்றியால் தரையைத் தட்டினேன். கதவருகே ஆறு டைல் அடியில் வெற்றிடம், தண்ணீர் போகாமல் மூலையில் தேங்குகிறது. பழைய டைல் மேலேயே ஒட்டிய வேலை, விசாரித்தால் சுகிர்தா பிடித்த அதே ஆள்தான்.

மாப்பிள்ளை ஏற்பாடாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டேன், பிறகு அம்மாவைப் பிடித்துக் கேட்டேன். மழுப்பிப் பார்த்துவிட்டு, அவ என்னங்க செய்வா, உங்களக் கூப்பிட்டா காசு வாங்க மாட்டீங்க, ஓசியில வேல வாங்கிட்டு இது புடிக்கல, மாத்துங்கன்னு சொல்ல ஏலுமா என்றாள். அந்த வீட்டில் நான் மஞ்சள் டைல் பதித்த குசினி உனக்குப் பிடிக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மகளே, எனக்கு வலித்தது. உன் மேலும் கோபம், என் மேலும் கோபம். காசு கொடுத்தால் ஏசலாம் என்றுதான் ஆட்கள் அவனிடம் போகிறார்களோ என்னவோ. அதுதான் காரணம் என்று இன்னும் எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை.

அதனால் இப்போது எழுத்திலேயே சொல்கிறேன். அந்த பாத்ரூமை உடைத்து அடியிலிருந்து செய்ய என் கூலி எண்பதாயிரம் ரூபாய், சாமான் உன் செலவு, பத்து நாள். நிறத்தை நீயே சொல். ஒரு சதமும் குறைக்க மாட்டேன்.

பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். பதிலை எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு வேண்டாம். குறை இருந்தால் ஏசியே எழுது.

உன் அப்பா
செல்லப்பா