பதினைந்து ஆம்பியர் பிளக்கும் ஒரு குடம் தண்ணீரும்

4 ஏப்ரல் 2009, சனி

காலையிலேயே வெயில். ஓசூர் குளிர் என்பதெல்லாம் பழைய கதை. குழாயில் தண்ணீர் ஆறு மணிக்கு வந்தது. நாலு குடம். மூன்று சமையலுக்கு, ஒன்று எர்த் குழிக்கு.

பேட்டரி காரைப் பிளக்கில் மாட்டினேன். பச்சை விளக்கு. நிம்மதி. பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் ஏறியவரை லாபம்.

போர்டிகோவில் செய்த வேலை, பின்னால் யாராவது கேட்டால் சொல்ல:
- 15 ஆம்பியர் பிளக், இரும்புப் பெட்டி, பூட்டு.
- மெயினிலிருந்து தனி ஒயர்.
- மூலையில் எர்த் குழி: செம்புத் தகடு ஒன்று, அடுப்புக்கரி ஒரு மூட்டை, கல்லுப்பு ஒரு மூட்டை.

எலெக்ட்ரீஷியன் பாஷா பாய் அன்றே சொன்னார்: "மூணடி போனா பாறைங்க மேடம். ஈரம் இல்லன்னா எர்த் நிக்காது. தெனம் ஒரு கொடம் ஊத்துங்க. இல்லன்னா உங்க வண்டி சார்ஜ் எடுக்காது, செவப்பு லைட்டுதான்."

ஊற்றுகிறேன். செகண்ட் ஹேண்ட் வண்டிதான், பொம்மை மாதிரி இருக்கிறது என்று பேக்டரியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. போலியோ வந்த என் இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போகிறேன்.

வாடகை வீட்டில் இவ்வளவு செலவா என்று அம்மா கேட்டாள். ஓனர் கிருஷ்ணப்பா பொங்கல் சமயத்தில் விலை பேசி, "வூடு உனக்குத்தாம்மா" என்று சொன்ன தைரியத்தில் செய்தது. மாதக் கடைசியில் பேங்க் லோன் வந்துவிடும்.

வாங்க: குக்கர் கேஸ்கட், காபித்தூள்.

5 ஏப்ரல், ஞாயிறு

ஓனர் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். கூடவே ஒரு பெங்களூர்க்காரர், மனைவியோடு. "சும்மா பாக்க வந்திருக்காங்க" என்றார். சும்மா பார்ப்பவர்கள் தண்ணீர்ச் சம்ப் மூடியைத் திறந்து பார்ப்பார்களா?

பெங்களூர்க்காரர் போர்டிகோவில் பெட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார். "சார்ஜிங் பாயின்ட்டா! நானும் இதே கார்தாங்க வெச்சிருக்கேன். எங்க அபார்ட்மென்ட்ல பாயின்ட் போட விடவே மாட்டேங்கறாங்க." அங்கேயே கன்னடத்தில் ஓனரிடம் விலையை ஏற்றிப் பேசினார். எனக்குக் கன்னடம் புரியாது என்று நினைப்பு. பதினோரு வருடமாக ஓசூரில் இருக்கிறேன், ஐயா.

அவர்கள் போனபின் கேட் அருகில் ஓனரைப் பிடித்தேன்.

"எனக்குன்னு சொன்னீங்களேண்ணா."

"சொன்னேம்மா. அவரா மேல போட்டுத் தரேங்கறாரு, நான் இன்னா பண்றது?"

"அவர் ஏத்தினதே அந்தப் பெட்டியைப் பாத்துத்தான். அதை மாட்டினது நான்."

"பெட்டி உன்துதாம்மா. செவுரு என்துதானே."

என் கைக்காசில் மாட்டிய பிளக்கே என்னை வெளியே தள்ளுகிறது. கோபம். இரவுச் சாப்பாடு வெறும் மோர்.

7 ஏப்ரல், செவ்வாய்

பேக்டரியில் இன்று ஒரு லாட் முழுவதையும் ரிஜெக்ட் செய்தேன். இன்ஸ்பெக்ஷனில் நான் கறார் என்று பெயர். இன்று கொஞ்சம் கூடுதல் கறார். ஆனால் அளவு தப்பாகத்தான் இருந்தது, திரும்ப அளந்து பார்த்தேன்.

மதியம் பேங்கிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். பெர்மிஷன் போட்டு வீட்டுக்கு வந்தேன். டைல்ஸ், சம்ப், மாடிப்படி, கழிவறை எல்லாம் எழுதிக்கொண்டார். பிளக்கைக் காட்டினேன்.

"அதுக்கெல்லாம் வேல்யூ கிடையாதுங்க. ஒரு பிளக் பாயின்ட், அவ்ளோதான்."

ஒருவருக்கு இதனால் வீடே விலை ஏறுகிறது, இன்னொருவருக்கு இது ஒன்றுமே இல்லை. இருவருமே படித்தவர்கள்.

அம்மா சங்கரன்கோவிலிலிருந்து போன். "ஏட்டி, பேசாம ஊருக்கு வந்துரு. இங்க என்ன வீடா இல்ல?" வீடு இருக்கிறது. வேலை யார் தருவார்கள்? போனை வைத்தபின் முடிவு செய்தேன். இந்த வீட்டை விடப்போவதில்லை. பெங்களூர்க்காரரோடு போட்டி போட்டு ஏற்றவும் முடியாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சொல்லி ஓனர் வாசலில் போய் நிற்பேன், எத்தனை முறையானாலும்.

11 ஏப்ரல், சனி

நம்பவே முடியாத நாள்.

ஓனர் மனைவி லட்சுமம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரும் வாங்கக் கூடாதுன்னு தகடு வெச்சிருக்கியாமே! நல்லாருப்பியாம்மா நீ?"

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெங்களூர்க்காரர் நேற்று மறுபடி வந்திருக்கிறார், நான் வேலைக்குப் போயிருந்தபோது. எதிர்வீட்டுச் சரோஜாக்கா அவர் மனைவியிடம் நல்லெண்ணத்தில் எச்சரித்திருக்கிறார்: இந்தப் பொண்ணு வீட்டு மூலையில் குழி தோண்டிச் செம்புத் தகடு புதைத்தாள், மேலே கரி, உப்பு. அமாவாசை அன்று. தினமும் விடியற்காலையில் யாரோடும் பேசாமல் அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறாள்.

எல்லாம் உண்மை, அதுதான் கொடுமை. அமாவாசையில் தோண்டியது பாஷா பாய்க்கு அன்றுதான் வேறு வேலை இல்லை என்பதால். பேசாமல் ஊற்றுவது நான் டீ குடிக்கும்முன் யாரோடும் பேசமாட்டேன் என்பதால்.

பெங்களூர்க்காரர் மனைவி அங்கேயே வேண்டாம் என்றுவிட்டாராம்.

லட்சுமம்மாவிடம் எர்த் என்றேன், பிளக் என்றேன். காது கொடுக்கவில்லை. போனதும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பதினோரு வருடம் இந்தத் தெருவில் பால் வாங்கியிருக்கிறேன்.

12 ஏப்ரல், ஞாயிறு

காலையில் ஓனர் போன். குரலில் பயம். "எவ்ளோ கொறைக்கணும்னு நீயே சொல்லும்மா. கொறைச்சுத் தரேன். அதை எடுத்துடு, போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

பேக்டரித் தோழி கலா: "லூசாடி நீ? வாயை மூடிட்டு இரு. தானா விலை எறங்குது."

நாள் முழுவதும் அதே நினைப்பு. பொய் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலே போதும். ஆசையாகத்தான் இருந்தது, இங்கே மறைப்பானேன். ஆனால் அப்படி வாங்கினால் சாகும்வரை இந்தத் தெருவில் நான் தகடு வைத்தவள். நான் எதிரில் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். என் காலைப் பார்த்து ஒதுங்கியவர்களைச் சின்ன வயதிலேயே பார்த்தாயிற்று. இன்னொரு முறை வேண்டாம்.

முடிவு: குழியைத் திறந்து காட்டுவது. எல்லோரையும் கூப்பிட்டு.

19 ஏப்ரல், ஞாயிறு

வெள்ளியிலிருந்து குழிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, வேண்டுமென்றே. நேற்று ஆட்டோவில் வேலைக்குப் போனேன். இன்று பிளக்கில் மாட்டினால் சிவப்பு விளக்கு. நல்லது.

பத்து மணிக் கரண்ட் கட்டுக்குள் முடிக்க எட்டுக்கே வரச்சொல்லியிருந்தேன். ஓனர், லட்சுமம்மா, சரோஜாக்கா, பாஷா பாய். லட்சுமம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

பாஷா பாய் குழியைத் தோண்டிச் செம்புத் தகட்டைக் காட்டினார். எழுத்து இல்லை, கோடு இல்லை. கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு மட்டும் அழுகி ஒட்டிக்கொண்டிருந்தது. சரோஜாக்கா குனிந்து பார்த்துவிட்டு, "ரேட்டு போட்டிருக்குது" என்றார்.

மூடிவிட்டு, ஹோல்டரில் குண்டு பல்பை மாட்டி, ஒரு ஒயரைக் கரண்டிலும் மற்றதைக் குழியிலிருந்து வரும் எர்த்திலும் வைத்தார் பாஷா பாய். பல்பு அழுதது. சிவப்பாக ஒரு கம்பி, அவ்வளவுதான்.

"அண்ணா, நீங்களே ஊத்துங்க" என்று குடத்தை ஓனரிடம் நீட்டினேன். ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் இறங்க இறங்கப் பல்பு ஏறியது. பளிச்சென்று. காரிலும் பச்சை.

சரோஜாக்கா கையே தட்டிவிட்டார். ஓனர் சிரிக்கவில்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜவளகிரி தோட்டத்துல மோட்டார் ரூமாண்ட எங்க பசு ஒண்ணு செத்துப்போச்சு, ரெண்டு வருஷம் முன்ன. தகரக் கதவுல ஒரசிச்சு. எர்த் இல்லன்னாங்க. அப்ப புரியல எனக்கு. இதானா அது?"

"இதாங்க" என்றார் பாஷா பாய்.

"பசங்க அந்தப் பக்கம்தான் வெளையாடுதுங்க" என்றார் ஓனர். பாஷா பாயை இந்த வாரமே தோட்டத்துக்கு வரச்சொன்னார்.

அப்போது சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததுதான். "அண்ணா, பொங்கலுக்கு நீங்க சொன்ன விலை. பிளக்குக்காக ஏத்தவும் வேணாம், தகட்டுக்காகக் கொறைக்கவும் வேணாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். லட்சுமம்மா கேட்டைத் திறந்து உள்ளே வந்து தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார்.

"பூசணிக்காய் ஒடைக்கணுமாம்" என்றார் ஓனர். "அமாவாசை போனதும் எழுதிக்கலாமாம்."

உடைக்கட்டும். இரண்டு கூட உடைக்கட்டும்!

27 ஏப்ரல், திங்கள்

லீவு. புழுக்கம். ஒன்பது மணிக்கே பத்திர எழுத்தர் கடையில் நானும் ஓனரும் லட்சுமம்மாவும். அக்ரிமென்ட். பொங்கலுக்குச் சொன்ன அதே விலை.

எழுத்தர் சொத்து விவரம் வாசித்தார்: கட்டடம், சம்ப், மின் இணைப்பு, தென்னை ஒன்று.

"இன்னும் ஒண்ணு இருக்குது. எர்த் குழி" என்றார் ஓனர்.

"கெணறுன்னா எழுதலாம். குழியை எப்படிங்க எழுதறது?"

"எழுதுய்யா. நாளைக்கு யாராவது கேட்டா, எல்லாம் தெரிஞ்சுதான் வித்தோம், தெரிஞ்சுதான் வாங்கினாங்கன்னு இருக்கட்டும்."

எழுதினார். செம்புத் தகட்டுடன் கூடிய எர்த் குழி ஒன்று. லட்சுமம்மா எழுத்தரிடம், "தெனம் தண்ணி ஊத்தணும்னும் போடுங்க" என்றார். கேலியா, நிஜமா, தெரியவில்லை. அதையும் எழுதிவிட்டார் அந்த மனிதர். நான் கையெழுத்துப் போட்டேன்.

வீடு வந்து, கரண்ட் வந்தபின் காரை மாட்டினால் சிவப்பு. காலை அவசரத்தில் ஊற்ற மறந்திருக்கிறேன். எதிர்வீட்டிலிருந்து சரோஜாக்கா குடத்தோடு வருகிறார்.